மேஜருக்கு ஒரு மூட்டை ஐஸ்

ரயில்வே குவாட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
4 மார்ச் 1930

மீனலோசனிக்கு,

எட்டு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். சமாதானம் பேச எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1922-இல் நான் பார்த்துவைத்த திறைசேரிக் கிளார்க்கை வேண்டாம் என்றுவிட்டு, தோட்டத்துக்குக் கூலியாக வந்தவரின் மகனை நீ கலியாணம் முடித்தாய். தங்கை என்று ஒருத்தி இருந்ததை அன்றோடு விட்டுவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும். இப்போது ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

எங்கள் கந்தோரில் என் மேலதிகாரி பிரஸ்காட் துரை ஒன்பது மாத விடுமுறையில் சென்ற மாதம் சீமைக்குப் போனார். போகுமுன் தன் நாயை என்னிடம் ஒப்படைத்தார். நாய் என்றதும் ஊர் நாயை நினைத்துவிடாதே. செயின்ட் பெர்னார்ட் என்ற சாதி. பனியில் புதைந்துபோன மனிதர்களை மோப்பம் பிடித்துத் தோண்டி எடுப்பதற்காக மலைச் சாமியார்கள் வளர்த்ததாம். எடை நூற்றறுபது இறாத்தல். முன்கால்களை என் தோளில் வைத்து எழுந்து நின்றால் அதன் முகம் என் முகத்துக்கு மேலே இருக்கிறது. மயிர் இரண்டு அடுக்கு: மேலே நீளமாக, முரடாக, அடியில் பஞ்சு போல. பெயர் மேஜர்.

இதை ஏன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன் என்றால், எங்கள் தலைமைக் கிளார்க் நவம்பரில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு யாரென்று துரை திரும்பி வந்து எழுதுவார். பதினெட்டு வருடச் சேவையில் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். இம்முறை எனக்கு ஆறு வருடம் பின்னால் சேர்ந்த வாசு நிற்கிறான். துரை சிரித்து முடிக்குமுன் தான் சிரிக்கத் தெரிந்தவன். எனக்கு அது வராது. நாய் வளர்க்க வரும் என்றாவது காட்டலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் நானும் அதுவும்தான். உன் அண்ணி பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி யாழ்ப்பாணத்திலேயே இருந்துவிட்டாள். துரையின் பங்களா மேட்டில், மரங்களுக்கு நடுவே இருந்தது. இங்கே தலைக்கு மேல் தகரம். காலை பத்து மணிக்கு மேல் மேஜர் குளியலறைச் சீமெந்துத் தரையில் விழுந்து, நாக்கு ஒரு சாண் தொங்க, ரயில் எஞ்சின் மாதிரி இரைக்கிறது. இன்று நான் கந்தோரிலிருந்து வந்தபோது எழுந்திருக்கவேயில்லை. வாலை மட்டும் ஒரு தடவை தரையில் அடித்தது. இப்படிப் போனால் இது துரையின் கப்பல் வரும்வரை பிழைக்காது.

உன் வீட்டிலிருப்பவர் கிள்ளான் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்ப்பதாகக் கேள்வி. விற்பனைக்கு உதவாத உடைந்த கட்டிகள் இருக்குமே. அவற்றை ஒரு சாக்கில் கட்டித் தினமும் காலை ரயில் வண்டியில் கார்டிடம் கொடுத்தால் நான் ஸ்டேஷனில் எடுத்துக்கொள்வேன். கார்டுகள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். இங்கேயும் ஐஸ் விற்கிற ஒருவன் இருக்கிறான். அவனோடு எனக்கு 1927 முதல் பேச்சில்லை.

கந்தப்பு


கிள்ளான்,
7 மார்ச் 1930

அன்புள்ள அண்ணருக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிரிக்கப் பயந்து, மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிரித்தால் நாய்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'உன் வீட்டிலிருப்பவர்' என்ற இடத்தில் நானாகவே 'தம்புசாமி' என்று மாற்றி வாசித்தேன். தோட்டத்துக் கூலியின் மகன் என்ற வரியை மாற்றவில்லை. அது உண்மைதானே. அவர் சிரித்தார்.

"எட்டு வருசம் கழிச்சு மச்சான் வாயத் தெறந்து ஒண்ணு கேக்குறாரு. அதுவும் உருகிப்போற சாமானா கேக்குறாரு. குடுத்துட்டுப் போவோம்லா" என்றார்.

திங்கட்கிழமை முதல் காலை ஏழரை வண்டியில் மூட்டை வரும். மரத்தூள் போட்டு இரட்டைச் சாக்கில் கட்டியிருக்கும். வண்டி நின்ற உடனே எடுத்துவிட வேண்டும். கார்டோடு கதைத்துக்கொண்டு நின்றீர்களானால் சாக்குத்தான் மிஞ்சும்.

1925-இல் நான் உங்களுக்கு ஒரு தந்தி அடித்தேன். பிள்ளைக்கு நோய் கடுமை, வாருங்கள் என்று. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. நாய்க்கு ஐஸ் கேட்டு வந்திருக்கிறது. வந்தவரைக்கும் சரி.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்,
23 மார்ச் 1930

மீனலோசனிக்கு,

மூட்டை ஒழுங்காக வருகிறது. பதினேழாம் திகதி வந்தது மட்டும் பாதி தண்ணீர். கார்டை விசாரித்தேன், எஞ்சின் பக்கமாக வைத்துவிட்டானாம். அவன் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

மூட்டையைக் குளியலறைத் தரையில் வைத்ததும் மேஜர் வந்து, இரண்டு முன்கால்களாலும் அதைக் கட்டிக்கொண்டு, தாடையை மேலே வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறது. பகல் முழுவதும் அசைவதில்லை. சாயங்காலம் நான் வரும்போது ஈரச் சாக்கின் மேல் மரத்தூள் அப்பிய முகத்தோடு கிடக்கிறது. இரைப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது.

துரை ஒரு தாளில் பதினாறு கட்டளைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை எட்டு மணிக்குப் பிறகு வெளியே நடத்தாதே. ஒரே வேளையில் நிறையப் போடாதே. படிக்கட்டு ஏற்றாதே. தினமும் இரும்புச் சீப்பால் வாரு. வாரினால் ஒவ்வொரு நாளும் கூடை நிறைய மயிர் வருகிறது. அது என் சோற்றிலும் இருக்கிறது, கந்தோர்ப் பேரேட்டின் பக்கங்களுக்குள்ளும் இருக்கிறது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்குகிறது. தலையை உதறினால் சுவரில் என் உயரத்துக்கு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு இறாத்தல் மாட்டிறைச்சி அவித்துக் கொடு என்பது ஐந்தாவது கட்டளை. என் அடுப்பில் அது ஏறாது. கேட் காவலாளியின் மனைவி நல்லம்மாள், ஆட்டுத் தலையும் சோறுமாக வேகவைத்துக் கொண்டுவந்து வைக்கிறாள். தட்டை வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டு,

"ஐயா, இது நாயே இல்ல. கம்பளி போத்துன காளை. இத வண்டியில பூட்டுனா ஆபீசுக்கு ஓட்டிக்கிட்டே போயிரலாம்" என்கிறாள்.

எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

தந்தியைப் பற்றி எழுதியிருந்தாய். அப்போது நான் கோலாலம்பூரில் இல்லை. வேலையாக ஈப்போவில் இருந்தேன்.

கந்தப்பு


கிள்ளான்,
26 மார்ச் 1930

அண்ணருக்கு,

ஈப்போவில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தந்தியை ஈப்போவுக்குத்தான் அடித்தேன்.

நாளை முதல் மூட்டையில் இன்னும் ஒரு கட்டி கூட வைப்பதாக அவர் சொல்கிறார். சித்திரை பிறக்கப் போகிறது.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்,
14 ஏப்ரல் 1930

மீனலோசனிக்கு,

ஐஸ் ஒரு பக்கம் இருக்க, நிரந்தரமாக ஒரு வழி செய்துவிட்டேன். மூட்டை மதியம் இரண்டு மணிக்குள் கரைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாய் பழையபடி இரைக்கிறது. யோசித்துப் பார்த்தேன். இந்த வெயிலில் நீயோ நானோ இரண்டு கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு இருப்போமா? தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை அடித்துக்கொண்டவர்களைக் கேள், உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது என்பார்கள். வளர்ந்த மனிதனுக்குத் தெரிகிற சுகம் நாய்க்கு மட்டும் தெரியாதா? துரையின் பதினாறு கட்டளைகளையும் திரும்பப் படித்தேன். மழிக்காதே என்று எங்கும் இல்லை.

சனிக்கிழமை பக்கிரிசாமியை வரவழைத்தேன். பத்துமலையில் முடியிறக்குகிறவன். நாயைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றான்.

"சாமி, இதுக்கு வேண்டுதலா?"

"வேண்டுதலும் இல்லை, ஒன்றுமில்லை. சூட்டுக்கு. கத்தரித்துவிட்டு வழித்து எடு."

"கடிச்சிச்சுன்னா?"

"கடிக்காது. உட்கார்."

மூன்று மணி நேரம் ஆயிற்று. மேஜர் மூட்டையைக் கட்டிக்கொண்டபடியே படுத்திருந்தது. புரட்டிவிட்ட பக்கமெல்லாம் புரண்டது. இரண்டு சாக்கு மயிர். கடைசியில் பக்கிரிசாமி கத்தியைத் துடைத்துக்கொண்டு, "மொட்டைனா சந்தனம் வேணும்ல சாமி? வெறும் மண்டையா விட்டா நல்லால்ல" என்றான். அதுவும் சரியென்று தோன்றியது. தலை முதல் வால் வரை அரைத்த சந்தனம் பூசினோம். இப்போது அது பெரிய, மஞ்சள் நிறமான ஏதோ ஒன்றாக இருக்கிறது. நல்லம்மாள் கண்டு வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு ஓடினாள். ஆனால் அன்று சாயங்காலம் நாய் எழுந்து வாசல்வரை நடந்தது. நவம்பருக்குள் மயிர் வளர்ந்துவிடும்.

உன் கடிதத்தில் இருந்த விஷயம். தந்தி ஈப்போவுக்கு வந்தது. இரண்டு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. மூன்றாம் நாள், பிள்ளை தங்கவில்லை என்று அங்கே ஒருவர் சொன்னார். இனிப் போய் என்ன என்று விட்டுவிட்டேன். நடந்தது இதுதான்.

கந்தப்பு


கிள்ளான்,
17 ஏப்ரல் 1930

அண்ணருக்கு,

இரண்டு நாள் சட்டைப் பையில் இருந்தது என்று எழுதினீர்களே, அது போதும். ஐந்து வருடமாக, தந்தி வந்து சேரவில்லையோ என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இனி அது இல்லை. அந்த விஷயத்தை இதற்கு மேல் எழுதமாட்டேன்.

நாய்க்கு மொட்டை அடித்ததை வாசித்தபோது அவர் சிரிக்கவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார், தமிழ் அவருக்குச் சரளமாக வாசிக்க வராவிட்டாலும்.

"ஐஸ் ரூம் செவுத்துல ஒரு முழத்துக்கு மரத்தூளு எதுக்குப் போட்டு அடைக்கிறோம்? குளிருக்கா? வெளிய இருக்கிற வெக்கை உள்ள வராம இருக்கத்தான். அந்த நாயிக்குச் சாமி குடுத்த செவுரு அது. மச்சான் செவுத்த இடிச்சுப்புட்டாரே. அத வெயில்ல விடாதீங்கன்னு எழுதுலா, இன்னைக்கே எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். சந்தனத்தைக் கழுவிவிடுங்கள். காய்ந்து வெடித்தால் தோலையும் இழுக்கும்.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்,
4 மே 1930

மீனலோசனிக்கு,

உன் கடிதம் வருமுன்னே நடந்துவிட்டது. புதுவருடத்துக்கு மறுநாள் காலை மேஜர் உற்சாகமாக இருந்ததால் ஒன்பது மணிவரை முற்றத்தில் விட்டிருந்தேன். அடுத்த நாள் முதுகு சிவந்தது. அதற்கடுத்த நாள் கொப்புளம். சொறிந்தும் நக்கியும் ஒரு வாரத்தில் முதுகில் கை அகலத்துக்கு நான்கு புண்கள். ஈ. நாற்றம். சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அரசாங்க மிருக டாக்டரிடம் காட்டினேன். அவர் நாயைப் பார்ப்பதற்கு முன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். இருட்டான, குளிர்ந்த இடம் வேண்டும், அது இல்லாவிட்டால் துப்பாக்கிதான் என்றார். மயிர் திரும்பவும் முளைத்துவிட்டாலும், இந்த நாய் இனி ஒரு கோடையைத் திறந்த வெளியில் தாங்காது என்றும் சொன்னார்.

இதையெல்லாம் நான் உனக்கு எழுதவில்லை. ஆனாலும் சென்ற ஞாயிறு உன் வீட்டுக்காரர் ஐஸ் லோரியோடு வந்து நின்றார். மூட்டை கொண்டுவந்த கார்டு சொல்லியிருக்கிறான். நான் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. வாசலிலிருந்தே,

"மச்சான், ரூம்ல ஒரு மூலை காலியா இருக்கு. மாப்பிள்ளைய நான் ஏத்திக்கிட்டுப் போறேன். முடி மொளைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்பக்கம் போய், அந்த நாற்றத்தில் மண்டியிட்டு, நாயின் காதுக்குள் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஈரச் சாக்கில் அதைச் சுற்றி, நல்லம்மாளின் கணவனும் அவருமாகத் தூக்கி லோரியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்தார்கள்.

புறப்படுமுன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, முற்றத்துக் குழாயில் குவளையைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். கழுவும்படி நான் சொல்லவில்லை. கழுவ வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நாயை மாப்பிள்ளை என்று அழைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல். அதன் பெயர் மேஜர்.

கந்தப்பு


கிள்ளான்,
22 ஜூன் 1930

அன்புள்ள அண்ணருக்கு,

புண்கள் நாலும் ஆறிவிட்டன. முதல் பத்து நாள் நம்பிக்கை இல்லாமலிருந்தது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து இரண்டு வேளையும் போட்டேன். நக்காமலிருக்க அவர் கழுத்தில் ஒரு பழைய பிரம்புக் கூடையை அடியை வெட்டிவிட்டு மாட்டினார். கூடையோடு அது தொழிற்சாலைக்குள் நடந்து போனதைப் பார்த்த சீன முதலாளி தவுக்கே, கணக்குப் புத்தகத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "தம்பு, இனி அஞ்சிங்கா, பெருவாங்கா?" என்று மலாயில் கத்தினார், இது நாயா கரடியா என்று. இப்போது அவரே மதியத்தில் வந்து, கருவாட்டுத் தலையைப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று சுருட்டுக் குடித்துவிட்டுப் போகிறார்.

காலை பத்து மணிக்கு அதுவாகவே எழுந்து ஐஸ் அறைக்குப் போகிறது. மரத்தூள் கொட்டியிருக்கிற மூலையில் ஒரு குழி தோண்டிப் படுத்துக்கொள்கிறது. ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் அவரோடு வீட்டுக்கு நடந்து வருகிறது. பனியில் தோண்டும் சாதி என்று எழுதியிருந்தீர்கள். இங்கே ஒருநாள் சாக்குக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஒரு கோழியைத் தோண்டி எடுத்தது. எடுத்துத் தின்றுவிட்டது.

அடிமயிர் முளைத்துவிட்டது. பஞ்சு மாதிரி இருக்கிறது. வாரும்போது கையில் ஒட்டுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

பெயர் விஷயமாக: நான் மேஜர் என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் கூப்பிடுகிற பெயருக்குத்தான் அது திரும்பிப் பார்க்கிறது. வந்து பார்த்துவிட்டுப் போகலாமே.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்,
31 அக்டோபர் 1930

மீனலோசனிக்கு,

வந்து பார்க்கும்படி ஜூனிலும் ஆகஸ்டிலும் எழுதியிருந்தாய். வேலை இருந்தது.

துரையிடமிருந்து கப்பலில் போட்ட கடிதம் வந்திருக்கிறது. நவம்பர் 12 வந்து சேருகிறார். அவருக்கு உத்தியோகம் உயர்ந்திருக்கிறது. பினாங்குக்கு எதிர்க்கரையில் பிறை துறைமுகத்துக்கு மாற்றம். 15ஆம் திகதி சனிக்கிழமை புறப்படுகிறார். மேஜரைக் கூடவே கொண்டுபோகிறார். அதற்கு முன் தலைமைக் கிளார்க் பதவிக்கான சிபாரிசை எழுதி வைத்துவிட்டுப் போவார்.

ஆகவே 14ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாயைக் கிள்ளான் ஸ்டேஷனில் தயாராக வைத்திருக்க வேண்டும். கந்தோரிலிருந்து ஒரு பியூனை அனுப்புகிறேன். வாரி, காது துடைத்து, கழுத்துப்பட்டியைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடு. மழித்த விஷயம் துரைக்குத் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் இருவரும் செய்தது உதவிதான். அதை மறுக்கவில்லை.

கந்தப்பு


கிள்ளான்,
4 நவம்பர் 1930

அன்புள்ள அண்ணருக்கு,

வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறோம். துரையின் நாய் துரைக்கு. உங்கள் பதவி உங்களுக்கு. இரண்டையும் நாங்கள் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

பிறையைப் பற்றி அவர் விசாரித்தார். எங்கள் தொழிற்சாலையில் எண்ணெய் போடும் ரெங்கசாமி அங்கே மூன்று வருடம் இருந்தவர். கடற்கரை, மரமில்லை, தகரக் கொட்டகைகள், கரித்தூள் என்கிறார். டாக்டர் சொன்னதை நீங்கள்தான் எனக்கு எழுதினீர்கள். பார்வைக்கு இப்போது மயிர் அடர்ந்து மினுங்குகிறது. ஆனால் மத்தியான வெயிலில் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடந்தாலே முதுகு சிவக்கிறது. துரையிடம் இதைச் சொல்ல வேண்டுமானால் மழித்ததையும் சொல்ல வேண்டும். சொன்னால் பதவி போய்விடும். சொல்லாவிட்டால் இது மாசியைக் காணாது. இதை உங்களுக்குப் படிப்பிக்க நான் யார்? எல்லாம் தெரிந்துதான் ஒன்பது மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் சீப்பை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மீனலோசனி


கிள்ளான்,
15 நவம்பர் 1930

அண்ணருக்கு,

நேற்றுக் காலை எட்டரை மணி முதல் பிற்பகல் நாலு மணிவரை கிள்ளான் ஸ்டேஷனில் நின்றோம். பியூனும் வரவில்லை, நீங்களும் வரவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. அவர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். பதினொரு மணிக்கு மேல் நாய் இரைக்கத் தொடங்கியது. தொழிற்சாலைக்கு ஓடி, ஐஸ் கட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, பிளாட்பாரத்தில் வைத்தார். நாயைச் சுற்றிக் கூட்டம். "சர்க்கஸ் எப்போ?" என்று ஒருவன் கேட்டான். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, ஒன்று வண்டியில் ஏற்று, இல்லாவிட்டால் வெளியே கொண்டுபோ என்றார். வண்டியில் யாரிடம் ஏற்றுவது?

எங்களைக் காக்க வைத்தது பரவாயில்லை. நாங்கள் பழகியவர்கள். அந்த மிருகத்தை அந்த வெயிலில் ஏன் வைத்தீர்கள்?

நாய் வீட்டில்தான் இருக்கிறது. எப்போது, யார் வருவார்கள் என்று எழுதுங்கள்.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்,
18 நவம்பர் 1930

மீனலோசனிக்கு,

வரிசையாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் துரை கந்தோருக்கு வந்தார். பியூனை நிறுத்தி வைத்திருந்தேன். துரையைக் கண்டுவிட்டு வண்டிக்கு அனுப்பலாம் என்று. அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். சிபாரிசுத் தாள் மேசைமேல் இருந்தது. என் பெயர் தட்டெழுத்தில் அடித்திருந்தது. கையொப்பம் மட்டும் இல்லை. பேனாவைத் திறந்துகொண்டே, "முதலில் மேஜர் எப்படி இருக்கிறான், அதைச் சொல்" என்றார்.

இறந்துவிட்டது என்றேன்.

அப்படிச் சொல்வதென்று முன்னாலேயே முடிவு செய்திருந்தேன் என்று எழுதினால் அது பொய். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. எப்போது என்றார். ஏப்ரலில் என்றேன். எப்படி என்றார். சூட்டுக்கு நல்லதென்று மயிரை மழித்தேன், தோல் வெந்துபோயிற்று என்றேன். யார் உனக்கு அந்த யோசனை சொன்னது என்றார். ஒருவரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன் என்றேன். கதவு திறந்திருந்தது. வாசுவின் மேசை கதவுக்கு நேரே இருக்கிறது. துரை, "முட்டாள்" என்று சத்தமில்லாமல் சொன்னார். பேனாவை மூடினார். தாளை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு, "எங்கே புதைத்தாய்? ஐந்து மணிக்கு வந்து பார்க்கிறேன்" என்றார்.

இதை நான் யோசித்திருக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். உங்களுக்குத் தந்தி அடித்திருக்கலாம். கந்தோர்த் தந்தி வாசுவின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். தபாலாபீஸுக்குப் போகலாம் என்பது மண்வெட்டியைப் பிடித்த பிறகு நினைவுக்கு வந்தது. அது என் தவறு. உன் வீட்டுக்காரரை வெயிலில் நிற்க வைத்தது என் தவறு.

முற்றத்து மூலையில் நல்லம்மாளின் கணவனும் நானுமாக ஆறடி நீளத்துக்கு மண்ணைக் கொத்தி மேடாக்கினோம். ஏழு மாதச் சமாதியாகத் தெரிய வேண்டும். நல்லம்மாள் ரயில் பாதை ஓரத்திலிருந்து புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து வந்து பதித்தாள்.

"ஐயா, தொரை வர்றப்போ நாங்க அழுவணுமா?"

"வேண்டாம். பேசாமல் நின்றால் போதும்."

ஐந்து மணிக்குத் துரை வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு மேட்டின் முன்னால் நின்றார். இரண்டு நிமிடம் இருக்கும். அதற்குமேல் நல்லம்மாளால் பொறுக்க முடியவில்லை. தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "பனிமலையில பொறந்த ராசா, இந்தப் பாழும் வெயிலு தின்னுருச்சே" என்று மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கிவிட்டாள். நாலு வீட்டுப் பெண்கள் என்ன ஏது என்று தெரியாமலே ஓடிவந்து அவளோடு சேர்ந்துகொண்டார்கள். துரையின் கண் சிவந்துவிட்டது. போகும்போது என்னைப் பார்க்கவில்லை. அவளுக்கு மட்டும் தலை குனிந்துவிட்டுப் போனார். அந்த மனிதர் நாயிடம் அன்பாகத்தான் இருந்திருக்கிறார். அவரிடம் நான் பொய் சொன்னேன். அதற்கு எனக்குச் சமாதானம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை பிறைக்குப் போய்விட்டார். நேற்று வாசுவுக்கு உத்தரவு வந்தது. இனிப்புக் கொடுத்தான். எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போனதற்கு யார் யார் காரணம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த மூன்றாவதுக்கு அதில் எழுத ஒரு பெயரும் இல்லை.

சமாதிக்கு இப்போது பக்கத்து வரிசைப் பெண்கள் செம்பருத்தி வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பைரவர் இடமாம். உள்ளே ஒன்றுமில்லை என்று நல்லம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அவளும் வைக்கிறாள்.

மேஜரை இனிக் கோலாலம்பூர்ப் பக்கம் கொண்டுவரக் கூடாது. கழுத்துப்பட்டியில் துரையின் பெயர் வெட்டியிருக்கும் தகட்டைக் கழற்றிவிடுங்கள். உன் வீட்டுக்காரர் கூப்பிடுகிற பெயரையே அது வைத்துக்கொள்ளட்டும்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதே. நீ என்னை மன்னித்திருப்பாய் என்றும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். செத்துப்போனவனுக்கு இப்போது என்ன தின்னப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. உடனே எழுது. வாங்கிக்கொண்டு வருகிறேன்.

கந்தப்பு